பரளிக்காட்டில் ஒரு பகல்

கோயம்புத்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிக் காட்டுக்குள் அமைந்திருக்கிறது பரளிக்காடு. இருளர் பழங்குடியினர் வாழும் இச்சிற்றூரில் உணவகமும் இல்லை. தங்கும் விடுதியும் இல்லை. வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து நடத்தும் சூழல் சுற்றுலாவே நம்மை அங்கே அழைத்துச் செல்கிறது. முன்பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டே அன்றைய அடுப்பில் உலை ஏறுகிறது. ஆகவே, இப்பயணத்தின் முதல் வேலை முன்பதிவுதான்.

சுற்றுலா பெரும்பாலும் சனி, ஞாயிறு நாள்களில் நடைபெறுகிறது. வனத்துறையின் இணையவழிப் பதிவில் நாளையும் நபர்களின் எண்ணிக்கையையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறக்கூடியது. பதிவின்போதே அதைக் கேட்டறிதல் நலம். வர இயலாமற்போனால் முன்கூட்டியே தெரிவித்துவிடுவோம். நமக்கென வாங்கிய அரிசியும் காய்கறியும் வீணாகாமல் இருக்கும்.

மேட்டுப்பாளையம் சாலையில் காரமடை வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி வெள்ளியங்காடு வழியாக மலைப்பாதையில் ஏற வேண்டும். காலை பத்து மணிக்குள் சென்று சேரும்படி புறப்படுவது நல்லது. வெள்ளியங்காட்டைக் கடந்தால் கைப்பேசித் தொடர்பை நம்ப இயலாது. கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றமும் அவ்வாறே. தேவையான ரொக்கத்தைச் சில்லறையாகக் காரமடையிலேயே எடுத்து வைத்துக்கொள்வதும், வாகனத்திற்கு எரிபொருள் நிரப்பிக்கொள்வதும் அறிவுடைமை. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், மாற்றுடை, துண்டு, தொப்பி ஆகியவை பையில் இருக்கட்டும். நெகிழிப் பைகளும் மதுவும் வேண்டா.

நீர்த்தேக்கத்தில் பரிசல் பயணமே முற்பகலின் மகிழ்ச்சி. உயிர்காப்பு அங்கி அணிந்தே ஏற வேண்டும். பரிசல் செலுத்துவோர் அவ்வூர் ஆண்கள். நீரின் ஆழமும் காற்றின் போக்கும் அவர்களுக்குப் பழக்கமானவை. நீர்வரத்து மிகும் மழைக்காலத்தில் பரிசலை நிறுத்த அவர்கள் முடிவெடுத்தால் அதை ஏற்றுக்கொள்வதே முறை. நண்பகலில் மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்த உணவு பரிமாறப்படும். ராகிக் களியும் கீரையும் அதில் தவறாமல் இடம்பெறும். பிற்பகலில் அத்திக்கடவு சென்று பவானியில் நீராடலாம். வழிகாட்டி காட்டும் இடத்தைத் தாண்டி ஆற்றில் இறங்கலாகாது. இது யானைகள் நடமாடும் காடு. பொழுது சாயும் முன் மலையிறங்கிவிட வேண்டும்.

நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சென்று, மீண்டும் தமிழகம் திரும்பும் பவானியே பில்லூரை நிரப்புகிறது. கோயம்புத்தூர் மாநகரின் குடிநீரில் ஒரு பகுதி இங்கிருந்தே செல்கிறது. நாம் கரையில் விட்டுவரும் குப்பை, நகரத்தார் பலரின் வீட்டுக் குழாயை நோக்கியே மிதக்கிறது என்பதை நினைவிற்கொள்வோம். கொண்டு சென்றதை எல்லாம் திரும்பக் கொண்டுவருவோம்.

சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992ஆம் ஆண்டு தொடங்கியது. சிறு சேமிப்பால் கூடிய மகளிர் ஒரு தொழிலையும் திறம்பட நடத்த வல்லவர்கள் என்பது அன்றுமுதல் நாடெங்கும் மெய்ப்பட்டு வருகிறது. பரளிக்காட்டில் அதை நாம் உண்ணும் இலையிலேயே காண்கிறோம். சமைப்பவருக்கும் பரிசல் செலுத்துபவருக்கும் வார இறுதிதோறும் கிடைக்கும் இவ்வருவாய், காட்டை அழிக்காமல் காட்டிலேயே வாழ அவர்களுக்குத் துணைநிற்கிறது. முன்பதிவு செய்து, உரிய நேரத்தில் சென்று, ஊரின் ஒழுங்கை மதித்துத் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் அவ்வருவாய் தடையின்றித் தொடர உதவுகிறது.