மூச்சை எழுப்புவது எது?

"மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சுடுகிறது, மானிட்டரில் இருதயத் துடிப்பு ஓடுகிறது, அப்படியிருக்க மூளைச்சாவு என்று டாக்டர்கள் எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டிருக்கிறார் கொடுங்கையூர் வாசகர் ஒருவர். ஆழ்ந்த மயக்கத்தையும் மரணத்தையும் ஒன்றாகக் குழப்பி, 'மூளைச்சாவு அடைந்தவர் எழுந்து உட்கார்ந்தார்' என்று பரபரப்பூட்டும் செய்திகளைப் படிக்கிறவருக்கு இந்தச் சந்தேகம் எழாவிட்டால்தான் ஆச்சரியம்.

இருதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பிராணவாயு கிடைக்கும்வரை அதற்கு மூளையின் உத்தரவு வேண்டியதில்லை. சுவாசத்துக்கோ மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் ஆணை வேண்டும். இரத்தத்தில் மிகுந்த கரியமில வாயு மூளையைச் சூழ்ந்த திரவத்துள் கசிந்து, நீரோடு கூடி அமிலமாக, அந்தப் புளிப்பை உணர்ந்துதான் முகுளம் உதரவிதானத்தை உசுப்புகிறது. பிராணவாயுப் பஞ்சத்துக்கு அது அவ்வளவு சீக்கிரம் அசைவதில்லை.

குப்பைக் கிடங்கின் பக்கத்தில் வாழும் கொடுங்கையூர்க்காரருக்குக் குப்பையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டி நிரம்பினால் மாநகராட்சி லாரி வரும். வீட்டில் அரிசி தீர்ந்தால் வராது. வென்டிலேட்டர் என்பது வேளை தவறாமல் வரும் வாடகை லாரி. அது வரும்வரை தொட்டி நிரம்புவதேயில்லை, ஆகவே முகுளம் என்ற அலுவலகத்தில் ஆள் இருக்கிறாரா என்பதும் தெரிவதில்லை. எனவே மயக்க மருந்தும் உடற்குளிர்ச்சியும் காரணமல்ல என்று தெளிந்து, கண்மணி சுருங்குதல், இருமல் முதலிய அனிச்சைச் செயல்கள் அற்றுப்போனதையும் கண்ட பின்னரே, மெல்லிய குழாய்வழி பிராணவாயுவை ஊட்டிக்கொண்டு, டாக்டர்கள் வாடகை லாரியை நிறுத்துகிறார்கள். அரிசிக்குக் குறைவில்லை, குப்பை மட்டும் சேர்கிறது. கரியமில வாயு சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திலிருந்து 60-ஐ எட்டும்வரை, ஏறக்குறைய 8 முதல் 10 நிமிஷம், நாற்றம் ஊரைத் தூக்கியும் ஒரு குமாஸ்தாகூட நாற்காலியை விட்டு எழவில்லையென்றால், அலுவலகம் காலி.

1959-ல் பாரிஸில் மொல்லாரே, கூலோன் என்ற டாக்டர்கள் இருவரும் விவரித்த இந்த நிலை, 1968-ல் ஹார்வர்ட் குழுவின் விதிகளாகி, 1994-ல் நம் உறுப்பு மாற்றச் சட்டத்தில் நுழைந்தது. சரித்திரம் இவ்வளவு போதும். 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற மாணவனின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் பெற்றோர் தானமளித்த பிறகே மூளைச்சாவு தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகப் பேசப்படலாயிற்று.

சட்டப்படி நான்கு டாக்டர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைச்சாவை நிர்ணயிக்க வேண்டும். குடும்பத்தாரிடம் கேட்கும் சம்மதம் தானத்துக்குரியது; மரணத்தை அவர்கள் தீர்மானிப்பதில்லை. ஆனால் மூளைச்சாவின் வரையறை உறுப்பு மாற்றச் சட்டத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால், தானம் மறுக்கப்பட்ட படுக்கையருகே இயந்திரத்தை நிறுத்தலாமா என்று டாக்டர்கள் பலர் தயங்கி நிற்கிறார்கள்.