ஏரியோரத்தில் மண் வீடு

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ளது திமிரி. இவ்வட்டாரத்தில் ஏரியை அண்டி வாழ விரும்புவது இயல்பே. ஆயினும் அங்குக் கட்டும் வீட்டிற்கு ஈரமே முதற்பகை. 2021 நவம்பர் 19 அன்று, அடைமழையில், பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது.

முதலில் மனையைத் தேர்தல் வேண்டும். நீர்பரப்பும் கரையும் வரத்துக்காலும் பொதுச் சொத்து. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. எனவே பட்டா நிலமாயினும், கலங்கல் மட்டத்திற்கு நன்கு மேலாகவும், கலங்கல் வெள்ளம் வடியும் வழிக்கு விலகியும் இருக்கும் மனையே உகந்தது.

அடுத்தது மண். ஏரி வண்டல் வயலுக்கு உரம், சுவருக்கு ஆகாது. களி மிகுந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேல்மண்ணை நீக்கி எடுத்த மணற்பாங்கான செம்மண்ணே ஏற்றது. கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு மண்ணிட்டு, நீரூற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாது வையுங்கள். மணல் அடியிலும், நுண்மண் நடுவிலும், களி மேலுமாகப் படியும். ஏறத்தாழப் பாதி மணலும் ஐந்தில் ஒரு பங்கு களியும் இருத்தல் நலம். களி மிகுந்தால் மணல் சேர்க்கலாம்.

சலித்த மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டு கலந்து, அளவாக நீர் தெளித்து, கைப்பொறியில் அழுத்தினால் கட்டி உருவாகும். சூளை வேண்டுவதில்லை, விறகும் மிச்சம். ஆனால் 4 வாரம் ஈரம் காயாது பதப்படுத்துதல் இன்றியமையாதது. இம்முறையில் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பயிற்சி அளித்து வருகிறது. செங்கல்லே விரும்புவோர், லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைக் கையாளலாம். கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் கால் பங்கு கல் மிச்சமாகும். வெயிலின் வெம்மையும் உள்ளே குறையும்.

எச்சுவராயினும் கருங்கல் அடித்தளத்தின்மேல் எழுதல் வேண்டும். தளமட்டத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு இட்டு, கூரையின் இறவாரத்தை 2 அடி வெளியே நீட்டினால் சாரல் சுவரைத் தீண்டாது. கழிவறைக் குழியை ஏரிக்கும் கிணற்றுக்கும் தொலைவில் அமைப்பது ஊர்நலத்திற்கு அவசியம்.

ஊராட்சி மன்றத்தார் கட்டி அழுத்தும் பொறி ஒன்றைப் பொதுவில் வாங்கி, உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி அளிக்க முன்வரலாம். அவ்வாறு செய்தால், வீட்டுக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே கூலியாகத் தங்கும், ஏரியும் காக்கப்படும்.