மணமகளுக்கென்று ஒரு கேக்



‘ஷவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சிறிது நேரம் பெய்து ஓயும் மழை என்பது ஒரு பொருள். அமெரிக்க நாட்டிலே திருமணத்திற்குச் சில வாரங்கள் முன்னதாக மணப்பெண்ணின் தோழியரும் உறவுப் பெண்டிரும் ஓரிடத்திற் கூடி, அவளைப் பரிசுகளால் நனைக்கும் விழாவிற்குப் ‘பிரைடல் ஷவர்’ என்று பெயர். பரிசுமழை என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அந்த விழாவில் இன்று நடுநாயகமாக வீற்றிருப்பது ஒரு கேக். அது கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைச் சுட்டிக்காட்டி வாங்கி வருவதன்று. இன்ன பெண்ணுக்கு, இன்ன நிறத்தில், இன்ன வடிவத்தில் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிச் செய்விப்பது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்குக் கேக்கைப் பற்றிப் பேச என்ன வந்தது என்று உங்களுள் சிலர் நகைக்கலாம். நான் பள்ளியில் கணக்கும் அறிவியலும் கற்பித்தவன். ஒரு கேக்கை அறுத்துப் பார்த்தால் அதனுள் வேதியியல் இருக்கிறது, பாரந் தாங்கும் கட்டடக் கலை இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஒரு வழக்கம் எப்படி மாறுகிறது என்பதையும் அதிலே காணலாம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பரிசுமழையின் தோற்றத்திற்கு ஒரு கதை வழங்குகிறது. ஹாலந்து நாட்டில் மாவு அரைக்கும் ஏழை ஒருவனை மணக்க விரும்பிய பெண்ணுக்கு அவள் தந்தை சீதனம் தர மறுத்தாராம். அந்த ஏழையிடம் இலவசமாக மாவு பெற்று உண்ட ஊரார் ஆளுக்கொரு பாத்திரமும் பண்டமும் கொணர்ந்து குவித்து அவளுக்குக் குடித்தனம் அமைத்துக் கொடுத்தனராம். கதை அழகானது; சான்று கிடையாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் இவ்விழா நடந்துவந்தது என்பதும், பின்னர் அது நாட்டுப்புறங்களுக்கும் பரவிற்று என்பதும் உண்மை. சமையற் பாத்திரங்களை மட்டுமே வழங்கும் பரிசுமழை உண்டு. படுக்கை விரிப்பு, மேசைத் துணி முதலியவற்றை மட்டுமே வழங்கும் பரிசுமழையும் உண்டு. புதுக்குடித்தனத்துக்கு நாலு பேர் கைகொடுப்பது என்பதே அதன் கருத்து. நம் ஊரில் மொய் எழுதுவதும் அக்கருத்தில் எழுந்ததே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மொய்க்கு ஏடு உண்டு, திருப்பிச் செய்யும் கடமையும் உண்டு. அங்கே மணப்பெண் ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் எழுதினாற் போதும். எது கடினம் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

இனி மாறுதலைக் காண்போம். 1956இல் அமெரிக்கப் பெண்களின் முதல் திருமண வயதின் நடு அளவு ஏறக்குறைய 20. இக்காலத்தில் அது 28ஐத் தாண்டிவிட்டது. இருபது வயதில் தாய்வீட்டை விட்டுப் புறப்பட்ட பெண்ணிடம் ஒரு வாணலிகூட இராது. இருபத்தெட்டு வயதில் வேலை பார்த்துத் தனியே வாழ்ந்துவரும் பெண்ணிடம் வாணலி மூன்று இருக்கும். மேலும், 1924இல் சிகாகோ நகரத்தின் மார்ஷல் ஃபீல்டு அங்காடியில் ஒரு புதுமை தோன்றிற்று. மணப்பெண் தனக்கு வேண்டிய பொருள்களைத் தானே தேர்ந்து கடையில் ஒரு பட்டியலாகப் பதிந்துவைப்பாள். பரிசு தர விரும்புவோர் அப்பட்டியலைப் பார்த்து வாங்குவர். ஒரே பொருளைப் பலர் தரும் வீண் இதனால் ஒழிந்தது. ஆயினும் அன்பர்கள் தாமாகச் சிந்தித்துத் தேடிக் கொடுக்கும் இன்பமும் உடன் ஒழிந்தது. தட்டும் தம்ளரும் என்ன நிறம் என்பதைக்கூட மணப்பெண்ணே முடிவு செய்துவிட்டாள் என்றால் தோழிக்கு என்ன எஞ்சுகிறது?

கேக் எஞ்சுகிறது. அது பட்டியலில் இல்லை. பரிசுமழையைப் பெரும்பாலும் தோழியரே ஏற்று நடத்துவதால், கேக்கைப் பற்றிய எண்ணமும் அவர்களுடையதே. அவள் நூலகத்தில் பணி புரிபவளானால் அடுக்கிய புத்தகங்களைப் போல ஒரு கேக். தோட்டம் வளர்ப்பவளானால் பூந்தொட்டி போல ஒன்று. பாட்டியின் திருமண ஆடையிலிருந்த பின்னல் வேலையைச் சர்க்கரையில் வரைந்து மற்றொன்று. உன்னை நாங்கள் இவ்வளவு அறிந்திருக்கிறோம் என்று சொல்வதற்கு அது ஒரு வழி ஆகிவிட்டது. படங்களை நொடிப்பொழுதில் பலருக்கும் அனுப்பும் கைப்பேசி இவ்வழக்கத்தை விரைவுபடுத்தியது உண்மைதான். ஆயினும் கைப்பேசியே காரணம் என்று சொல்லிவிடுவது மேலோட்டமான பேச்சு. பரிசின் இடம் பெயர்ந்ததே மூலகாரணம் என்பது என் கருத்து.

இவ்வளவு அலங்காரம் எளியவர்க்கும் கைகூடியது எப்படி? சர்க்கரை ஒரு காலத்தில் செல்வரின் பொருள். முட்டையின் வெண்கருவையும் பொடித்த சர்க்கரையையும் அடித்துப் பூசும் வெண்பூச்சுக்கு ஆங்கிலத்தில் ‘ராயல் ஐசிங்’, அதாவது அரசப் பூச்சு என்று பெயர். 1840இல் விக்டோரியா அரசியாரின் திருமணக் கேக் ஏறக்குறைய 300 பவுண்டு எடை இருந்தது. அக்காலத்துக் குடியானவன் வீட்டுக் கல்யாணத்தில் அத்தகைய பூச்சை நினைத்தும் பார்க்க இயலாது. பிரிட்டனில் 1874இல் சர்க்கரை வரி நீக்கப்பட்ட பின்னரே பொதுமக்கள் வீட்டிலும் வெண்பூச்சுக் கேக் இடம்பெறலாயிற்று. அந்தச் சர்க்கரையின் பின்னே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகவும் ஒப்பந்தக் கூலிகளாகவும் உழைத்து மடிந்தவர்களின் வரலாறு இருக்கிறது. அக்கூலிகளுள் கடல் கடந்து மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் சென்ற நம் தமிழ்மக்களும் உண்டு. அது தனியே பேச வேண்டிய செய்தி.

மற்றொன்று, மாவை உப்பவைக்கும் முறை. ஈஸ்ட் என்னும் நொதியைக் கொண்டு மாவைப் பொங்கவைக்க நேரம் பிடிக்கும். 1843இல் இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் பேர்டு என்னும் மருந்து வணிகர், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவியாருக்காக ஒரு பொடியைச் செய்தார். 1856இல் அமெரிக்காவில் எபென் ஹார்ஸ்ஃபோர்டு என்னும் வேதியியல் பேராசிரியர் இத்துறையில் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு ஆப்பச் சோடாவும் ஓர் அமிலப் பொருளும் உலர்ந்த நிலையில் கலந்திருப்பதே பேக்கிங் பவுடர். ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்தக் குமிழிகள் மாவுக்குள் சிக்கி அடுப்பின் வெப்பத்தில் விரிகின்றன. மாவு வெந்து இறுகும்போது குமிழியின் இடம் அப்படியே நின்றுவிடுகிறது. மெத்தென்ற கேக் என்பது பெரும்பகுதி காற்றறைகளே.

அப்படியானால் அடுக்கின்மேல் அடுக்காக வைத்தால் கீழடுக்கு நசுங்கிவிடாதா என்று கேட்கிறீர்கள் அல்லவா? நல்ல கேள்வி. உண்மையில் மேலடுக்கு கீழடுக்கின்மேல் அமர்வதே இல்லை. ஒவ்வோர் அடுக்கும் தனித்தனி அட்டையின்மீது இருக்கிறது. கீழடுக்கின் உடலில் நான்கைந்து குச்சிகளை அதன் உயரத்துக்குச் சரியாக வெட்டிச் செங்குத்தாக இறக்கிவிடுவர். மேலடுக்கின் அட்டை அந்தக் குச்சிகளின் தலைமேல் அமர்கிறது. தூண்கள்மேல் தளம் நிற்பது போல, பாரம் முழுவதும் குச்சிகளின் வழியே அடித்தட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு குச்சி சற்றே உயர்ந்துவிட்டாலும் கேக் சாய்ந்துவிடும். காரில் ஏற்றிச் செல்கையில் கேக் செய்தவர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது இதனாலேதான்.

மேற்பூச்சில் இருவகை முதன்மையானவை. வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்வது பட்டர் கிரீம். சுவையில் அதுவே சிறந்தது. ஆனால் வெண்ணெய் 32 முதல் 35 பாகை வெப்பத்தில் உருகிவிடும். நம் சித்திரை வெயிலில் அது நில்லாது. பொடித்த சர்க்கரையோடு குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், கிளிசரின் சேர்த்துப் பிசைவது ஃபாண்டன்ட். சப்பாத்தி மாவைப்போல் உருட்டித் தேய்த்து, விரிப்பைப் போல் கேக்கின்மேல் போர்த்துவர். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அது வெடிப்பதில்லை. பட்டுத்துணி போன்ற வழவழப்பு இதற்கு உண்டு, சுவை அவ்வளவில்லை. விருந்தினர் பலர் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவர். கண்ணுக்குச் செய்ததைக் கண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் 1940இல் கேக்கின்மேல் சர்க்கரை பூசுவதையே தடைசெய்தபோது, மணமக்கள் அட்டையால் செய்த அலங்கார உறையை வாடகைக்கு வாங்கிச் சிறு கேக்கின்மேல் கவிழ்த்துப் படம் எடுத்துக்கொண்டனர். இன்றும் அமெரிக்காவில் அடுக்குகளுள் சிலவற்றைப் பஞ்சு போன்ற நுரைப் பிளாஸ்டிக்கில் செய்து பூச்சுப் பூசிவிடுவதுண்டு.

இப்பொழுது நான் சற்றுக் கடுமையாகச் சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறேன். கேக்கின் பூக்களிலும் ஓரங்களிலும் பொன்போல் மின்னும் ஒரு பொடியைத் தூவுகிறார்கள். 2018இல் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிறந்தநாள் கேக் உண்ட ஆறு குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டனர். சோதித்ததில் அந்தப் பொன்னிறப் பொடி பெரும்பாலும் செம்புத் தூளே என்று தெரிந்தது. 2019இல் மிசூரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. அதன் பிறந்தநாள் கேக்கின் பூக்களுக்கு இட்ட பொடியில் ஏறக்குறைய காற்பங்கு காரீயம். இவ்வகைப் பொடிகளில் ‘நஞ்சற்றது’ என்று அச்சிட்டிருப்பார்கள். நஞ்சற்றது என்பது வேறு, உண்ணத்தக்கது என்பது வேறு. பள்ளியில் நீங்கள் எழுதும் சுண்ணக்கட்டியும் நஞ்சற்றதுதான். அதைத் தின்பதற்கா கொடுத்தார்கள்? உண்ணத்தக்க பொடியானால் அதன் உறையில், மற்ற உணவுப் பொருள்களைப் போலவே, இன்னின்னவை சேர்ந்துள்ளன என்ற பட்டியல் இருக்கும். பட்டியல் இல்லையேல் அது பார்ப்பதற்கு மட்டுமே. உங்கள் வீட்டு விழாவுக்குக் கேக் செய்யச் சொல்வீர்களானால், பொடியின் டப்பாவைக் காட்டும்படி கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

இந்தத் தொழிலைச் செய்பவர் யார்? சிகாகோவில் 1929இல் டூயி மெக்கின்லி வில்டன் என்பவர் கேக் அலங்காரத்தைத் தம் வீட்டில் ஒரு பாடமாகக் கற்பிக்கத் தொடங்கினார். அந்தக் கலை இன்று எண்ணற்ற பெண்களுக்கு வீட்டிலிருந்தே வருவாய் தருகிறது. தம் வீட்டு அடுக்களையில் செய்ததை விற்பதற்கு முன்பு பல மாநிலங்களில் இடமில்லை. கலிபோர்னியாவில் 2013இல் அதற்கு வழிவிடும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைசியாக இணங்கிய மாநிலம் நியூஜெர்சி, 2021இல். சட்டம் வழிவிட்டாலும் வரம்பு உண்டு. குளிர்ப்பெட்டி இன்றிக் கெட்டுப்போகும் பாலேடு, முட்டைப்பால் நிரப்பிய கேக்குகளைக் கலிபோர்னியாவில் இச்சட்டத்தின்படி வீட்டில் செய்து விற்க இயலாது. இதழ் இதழாகத் தேய்த்து, உலர்த்தி, வண்ணம் இட்டு ஒரு சர்க்கரைப் பூவை முடிக்க ஓர் இரவு கழிய வேண்டும். விலை மிகுதி என்று முணுமுணுப்பவர்கள் மாவின் விலையை மட்டும் கணக்கிடுகிறார்கள்.

சொல்லிச் செய்விக்கும் கேக் வெறும் உணவா, அல்லது செய்பவரின் பேச்சா என்னும் வினா அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. கொலராடோ மாநிலத்தில் 2012இல் இரு ஆண்களின் திருமண விருந்துக்குக் கேக் செய்துதரக் கடைக்காரர் ஒருவர் தம் சமயக் கொள்கையைக் காட்டி மறுத்தார். 2018இல் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அவரை விசாரித்த மாநில ஆணையம் அவர் சமயத்தின்பால் நடுநிலை வகிக்கவில்லை என்பதே அதற்குக் கூறிய காரணம். கேக் பேச்சா என்னும் பெருவினாவை நீதிபதிகள் தீர்க்காமலே விட்டனர். சட்டம் பயில விரும்பும் மாணவர்கள் இவ்வழக்கை முழுதும் படித்துப் பார்க்கலாம்.

முடிக்குமுன் கணக்கு வாத்தியாருக்கு ஓர் ஆசை. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை அறிவீர்கள். 6 அங்குல விட்டமுள்ள அடுக்கின் மேற்பரப்பு 28 சதுர அங்குலம். 10 அங்குல அடுக்கின் மேற்பரப்போ 78க்கு மேல். ஓர் ஆளுக்கு 1 அங்குலம் அகலமும் 2 அங்குலம் நீளமுமாக ஒரு துண்டு என்று கொண்டால், மேலடுக்கு 14 பேருக்கும் கீழடுக்கு 39 பேருக்கும் வரும். ஓரத்துத் துண்டுகளைக் கழித்துச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது முதலில் கம்பி செருகிய பூக்களை எடுத்துவிட வேண்டும். பிறகு மேலடுக்கை அதன் அட்டையோடு தூக்கித் தனியே வைக்க வேண்டும். அதன் பின் கீழடுக்கிலுள்ள குச்சிகளை எண்ணி, இறக்கிய அத்தனையும் வெளிவந்தனவா என்று சரிபார்த்துக்கொண்டு, கத்தியை எடுக்க வேண்டும்.