பதநீரை பாட்டிலில் அடைக்கும் முன்…

கோடை வந்தால் விருதுநகர், சாத்தூர், சிவகாசி சாலையோரங்களில் பதநீர்ப் பானைகளும் வந்துவிடும். இறக்கிய அன்றே, நின்ற இடத்திலேயே குடித்துவிட்டால் தொல்லையில்லை. 'வீட்டுக்கும் கொஞ்சம்' என்று பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கும்போதுதான் வினை தொடங்குகிறது.

சுண்ணாம்பு எதுவரை காக்கும்?

பனஞ்சாறு ஒரு லிட்டரில் ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் அதைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். பனையேறி கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு, சாற்றைக் காரமாக்கி ஈஸ்டை முடக்குகிறது, முழுவதுமாகக் கொல்வதில்லை. நேரமும் சூடும் கூடக் கூட, புளிப்பு தொடங்கிவிடும். சுவைக்காகச் சுண்ணாம்பை நீக்கிய பதநீர் இன்னும் சீக்கிரம் புளிக்கும். ஃப்ரிட்ஜ் அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

தேனைப் புளிக்கவைத்து 'மீட்' என்ற மதுவைச் செய்யும் வெளிநாட்டவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. புளிப்பு முழுதும் அடங்கிய பிறகு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் அளந்து சேர்த்துத்தான் பாட்டிலில் அடைப்பார்கள். அவையும் ஈஸ்ட் பெருகாமல் தடுப்பவையே. மும்முரமாகப் புளித்துக்கொண்டிருப்பதை நிறுத்த அவற்றால் ஆகாது.

பட்டாசு வட்டாரத்தில் இன்னொரு எச்சரிக்கை தேவை. 'பொட்டாசியம்' என்ற பெயரை நம்பி, ஆலைக்கு வரும் பொட்டாசியம் நைட்ரேட்டையோ கந்தகத்தையோ எந்தப் பானத்திலும் கலக்காதீர்கள். பேரியம் நைட்ரேட் நஞ்சு. ரசாயனம் இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் அதில் பதநீர் ஊற்றக் கூடாது.

ஆபத்து என்ன?

10 கிராம் சர்க்கரை புளித்தாலே இரண்டரை லிட்டருக்குக் குறையாத வாயு உண்டாகும். மூடிய கண்ணாடி பாட்டில் அதைத் தாங்காமல் வெடித்தால் சில்லுகள் கண்ணைப் பறிக்கலாம். உப்பிய பாட்டிலைக் குலுக்காதீர்கள். முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். கனமான ஈரச் சாக்கால் மூடி, ஆள் நடமாட்டமில்லாத நிழலில் ஒதுக்கிவையுங்கள். கண்ணில் சில்லு பட்டால் தேய்க்காமல், பிடுங்காமல், 108-ஐ அழையுங்கள்.

புளித்தது தெரியாமல் குடித்தாலும் போதை ஏறும். போதையில் இருப்பவரை வெடிபொருள் வேலைக்கு வைப்பதை வெடிபொருள் விதிகள் 2008 தடைசெய்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது, பதநீருக்கு இல்லை. ஆனால், புளித்துவிட்ட பதநீர் கள்தான். அதை விற்றால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 பாயும். உரிமம் இல்லாமல் வீட்டில் தேன்மது, திராட்சை மது காய்ச்சுவதும் குற்றமே.

அடைத்து விற்க விரும்புவோர், சூடேற்றிக் கிருமி நீக்கும் முறையான வசதியோடும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமத்தோடும் செய்ய வேண்டும். பனையேறிகள், பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் அதன் உதவித்தொகைகளைக் கோரலாம்.

வாங்குவோர் செய்யக்கூடியவை

* அடைத்த பாட்டிலில் 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். நுரை, புளித்த வாடை, உப்பல் இருந்தால் வாங்காதீர்கள்.

* கலப்படச் சந்தேகம் இருந்தால் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பலாம்.

* வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

* பாதுகாப்பற்ற உணவால் காயமோ உடல்நலக் கேடோ நேர்ந்தால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 65-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை.

* நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆலோசனைக்கு 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பில், பாட்டில், படம், மருத்துவச் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். இவை கையில் இல்லாவிட்டால் நியாயமான வழக்கும் நிற்காமல் போகலாம்.