டெக் வலைப்பூ தொடங்கப் போறீங்களா? முதல்ல முகவரியைக் கவனிங்க!

2020 ஜூலை மாதம். கூகுளின் பிளாகரில் எழுதிக்கொண்டிருந்த ஏராளமான இந்தியர்களுக்கு ஒரு விநோதமான சிக்கல். நண்பர்களுக்கு அனுப்பிய, மற்ற தளங்களில் கொடுத்துவைத்த பழைய லிங்க்குகள் திடீரென்று திறக்கவில்லை. ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்கிற டொமைன் கூகுளின் கையைவிட்டு வேறு கைக்குப் போயிருந்ததுதான் காரணம்.

2012-ல் தொடங்கி சில ஆண்டுகள், இந்தியாவில் இருந்து யார் பிளாக்ஸ்பாட் தளத்தைத் திறந்தாலும் இந்த ‘டாட் இன்’ முகவரிக்குத்தான் கூகுள் திருப்பிவிட்டது. அதனால் நம் ஊரில் பகிரப்பட்ட லிங்க்குகள் பலவும் அந்த முகவரியிலேயே இருந்தன. பதிவுகள் அழியவில்லை; ‘டாட் காம்’ முகவரியில் பத்திரமாகவே இருந்தன. ஆனால், பழைய லிங்க்கைத் தட்டி வந்த வாசகருக்கு அது எப்படித் தெரியும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி மெஷின் ஓட்டுகிறவர், ஆவடியில் இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறவர், பூந்தமல்லியில் இருந்து தினமும் ஐ.டி கம்பெனிக்குப் பஸ் பிடிக்கிற பெண்... சென்னையின் மேற்குப் பக்கத்தில் டெக்னிக்கல் விஷயங்களைத் தமிழில் எழுதக்கூடியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆர்வத்தோடு உட்காருபவர்கள் பெரும்பாலும் தீம் எது, கலர் எது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது முகவரி.

‘கிளவுட்’ என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். அம்பத்தூரிலேயே பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. அப்படி ஏதோ ஒரு கட்டடத்தில், யாரோ ஒருவருடைய டிஸ்க்கில்தான் உங்கள் எழுத்து குடியிருக்கும். வீட்டுக்காரர் மாறினாலும் நம் தபால் நம் கைக்கு வர வேண்டும் என்றால், டொமைன் நம் பெயரில் இருக்க வேண்டும்.

வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் ‘டாட் இன்’ டொமைன் கிடைக்கும். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். தெரிந்த பையன் ஒருவர் அமைத்துத் தருகிறார் என்றால், பதிவில் இருப்பது உங்கள் மெயில் ஐ.டி-யா, உங்கள் போன் நம்பரா என்று பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். அவர் வேலை மாறி வெளியூர் போன பிறகு பாஸ்வேர்டுக்கு அலைவது பெரிய கொடுமை.

இனி மென்பொருள். காசே செலவழிக்காமல் எழுதிப் பழக பிளாகர் இன்றும் நல்ல இடம்தான். சொந்த டொமைனையும் அதில் இணைத்துக்கொள்ளலாம். ஆனால், அங்கே முடிவெடுப்பவர் கூகுள். 2019-ல் கூகுள் பிளஸ்ஸை மூடியபோது, அதன் வழியாக பிளாகர் பதிவுகளில் வந்திருந்த கமென்ட்டுகளும் சேர்ந்தே போயின. டெக் பதிவில் பாதி சரக்கு கமென்ட்டில்தான் இருக்கும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும்!

வேர்ட்பிரஸ் பிறந்த கதையே ஒரு பாடம்தான். ‘பி2’ என்கிற மென்பொருளை உருவாக்கியவர் அதைத் தொடராமல் விட்டுவிட்டார். அது கட்டற்ற மென்பொருள் என்பதால், 19 வயது மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதே நிரலை எடுத்து வளர்த்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸ்ஸாக வெளியிட்டார்கள். மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்குக்குத்தான் பணம். பதிலுக்கு, அப்டேட் போடும் வேலை உங்கள் தலையில். கண்டதற்கெல்லாம் பிளக்-இன் போட்டுவிட்டு அப்டேட் செய்யாமல் விட்டால் ஹேக்கர்களுக்குக் கதவைத் திறந்துவைத்த மாதிரி.

நிரல் எழுதத் தெரிந்தவர் என்றால் ஜெகில், ஹியூகோ பக்கம் போகலாம். டேட்டாபேஸ் கிடையாது, எல்லாமே சாதாரண ஃபைல்கள். கிட்ஹப்பில் இலவசமாகவே வைக்கலாம். மற்றவர்களுக்கு இது வீண் தலைவலி.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குடைச்சல் உண்டு. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அந்த எழுத்துகளை விட்டுவிட்டு, லிங்க்கை ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஏதோ ஒரு எண்ணோடு முடித்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால், கம்ப்யூட்டர் கணக்கில் ‘அம்பத்தூர்’ என்பது புள்ளி போன்ற குறிகளையும் சேர்த்து 10 குறியீடுகள். லிங்க்கில் ஒவ்வொன்றும் சதவிகிதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். ஆக, ஒரே ஊர்ப் பெயருக்கு 90 எழுத்து! வேர்ட்பிரஸ் 200-ஐத் தாண்டினால் வெட்டிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்றே நினைப்பார். எனவே, தலைப்பு அழகான தமிழில் இருக்கட்டும். லிங்க்குக்கு மட்டும் இரண்டு, மூன்று ஆங்கிலச் சொற்களை நீங்களே டைப் செய்துவிடுங்கள். பப்ளிஷ் செய்வதற்கு முன்பே செய்ய வேண்டும். பிறகு மாற்றினால் பழைய லிங்க் உடைந்துவிடும் வாய்ப்பு உண்டு.

பேக்கப் மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது. ஆனால், அந்த ஃபைலில் வருவது எழுத்தும் கமென்ட்டும்தான். படங்களின் முகவரி இருக்குமே தவிர, படங்கள் இருக்காது. நீங்கள் எடுத்த சர்க்யூட் போர்டு போட்டோக்களை, பதிவின் தேதியைப் பெயராக வைத்த ஒரு ஃபோல்டரில் போட்டு, தனியாக ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.