ஆட்டக்காரரை அளப்பது எப்படி?

முத்தாண்டிக்குப்பம் தேநீர்க் கடையில் இன்றும் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2014 மே 30 அன்று சென்னை தோற்றதற்குச் சுரேஷ் ரெய்னாதான் காரணமா?

மும்பை வான்கடே மைதானம். ஐ.பி.எல். இரண்டாம் தகுதிச் சுற்று. சேவாக் 122 ஓட்டங்கள் குவிக்க, பஞ்சாப் 226 எடுத்தது. ரெய்னாவோ 25 பந்துகளில் 87 அடித்தார். ஆறு ஓவர்களில் சென்னை 100! ஏழாவது ஓவரின் முதல் பந்திலேயே அவர் ரன் அவுட். 24 ஓட்டங்களில் தோல்வி.

"அவர் நின்றிருந்தால் வென்றிருப்போம்" என்பார் ஒரு சாரார். நிலைத்துவிட்டவருக்குப் பொறுப்பு அதிகம் என்பதும் மெய்தான். ஆனால் கணக்கையும் பார்ப்போம். தொடக்கத்தில் ஓவருக்குப் பதினொன்றுக்கு மேல் தேவை. அவர் போனபோது 83 பந்துகளில் 127. அதாவது ஓவருக்கு ஒன்பது சொச்சம். சுமையைக் குறைத்துவிட்டே அவர் சென்றார். எஞ்சிய பந்துகளில் மற்றவர்கள் சேர்த்தது 102.

ஆகவே, முடிவை மட்டும் வைத்து ஒருவரை அளக்கலாகாது. வந்தபோது நிலை என்ன, போனபோது நிலை என்ன என்று கேட்க வேண்டும்.

இந்த அளவுகோல் ஆடுகளத்துக்கு மட்டுமா? முந்திரிக்கொட்டை உடைக்கும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் நண்பனின் மதிப்பெண்ணுக்கும் இதுவே பொருந்தும் அன்றோ?