பொறி இல்லாத பொறி

“மாமா, இதுல பிளக்குக்கு வயரையே காணோமே?”

அக்கா மகன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். மாடல் விமானத்துக்காக வாங்கிய புது எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்திருந்தேன். 6.5 சி.சி.தான். மஃப்ளரோடு சேர்த்தாலும் அரைக் கிலோ வராது. அவன் அப்பாவுடைய பைக் 100 சி.சி. அதில் பிளக்கின் தலையில் தடியாக ஒரு கறுப்பு வயர் மாட்டியிருக்கும், அதன் வழியாக மின்சாரம் வந்து உள்ளே பொறி தட்டும் என்று அவனுக்குத் தெரியும். இங்கே பிளக் இருக்கிறது, வயர் இல்லை.

தமிழில் எஞ்சினுக்கும் பொறி என்று பெயர், தெறிக்கும் நெருப்புக்கும் பொறி என்று பெயர். பைக்கில் அந்தப் பொறி தட்டினால்தான் இந்தப் பொறி ஓடும். நாங்கள் கையில் வைத்திருந்ததோ பொறி இல்லாத பொறி!

பிளக்கைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினேன். சின்னக் குழி. அதற்குள் பேனா ஸ்பிரிங்கைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியதுபோல ஒரு கம்பிச் சுருள். பிளாட்டினம் கலந்த கம்பி அது. இதற்கு குளோ பிளக் என்று பெயர். ‘குளோ’ என்றால் கனல்வது. 1.5 வோல்ட் பேட்டரியை இணைத்ததும் சுருள் மெதுவாகச் சிவந்து, ஆரஞ்சு நிறத்துக்கு வந்து நின்றது.

“இன்னொரு பேட்டரி சேர்த்தா இன்னும் நல்லா எரியுமா?”

எரியும், ஒரே ஒரு தடவை. நான் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிய புதிதில் அப்படித்தான் இரண்டு பேட்டரியை வரிசையாக மாட்டினேன். 3 வோல்ட். எஞ்சினுக்குள்ளேயே சுருள் பளீரென்று வெளுத்திருக்கும், அவ்வளவுதான், கம்பி அறுந்துவிட்டது. பிளக்கைக் கொன்றது தெரியாமல் அன்று சாயங்காலம் வரை எஞ்சினைச் சுற்றிச் சுற்றி மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். அதனால் இப்போதெல்லாம் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றி, கனல்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவேன்.

மறுநாள் காலை வற்றிக் கிடந்த கண்மாய்க்குப் போனோம். பக்கத்தில் வீடுகள் இல்லாத இடமாக வேண்டும். இந்த எஞ்சின் போடும் சத்தம் அப்படி. ஒரு தடித்த பலகையில் எஞ்சினை நான்கு போல்ட் போட்டு இறுக்கி, பலகையை ஒரு பழைய மேசையோடு கிளாம்ப் வைத்துப் பிடித்தேன். புது எஞ்சினை நேராக விமானத்தில் மாட்டிப் பறக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. முதலில் அதன் குணம் தெரிய வேண்டும்.

எரிபொருள் பெட்ரோல் இல்லை. மெத்தனால் 80 பங்கு, விளக்கெண்ணெய் 20 பங்கு. ஆமாம், அதே ஆமணக்கு எண்ணெய்தான். இந்த எஞ்சினுக்கு பைக்கில் இருப்பதுபோல எண்ணெய்க்குத் தனி இடம் கிடையாது. எரிபொருளில் கலந்து வரும் எண்ணெய்தான் உள்ளே உராய்வைத் தடுக்கிறது. விளக்கெண்ணெய் மெத்தனாலில் நன்றாகக் கரையும், கடும் சூட்டையும் தாங்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் சிலிண்டர்களே சுழலும் ரோட்டரி எஞ்சின்கள் நிஜ விமானங்களில் இருந்தன. அவற்றுக்கும் ஊற்றியது இதே எண்ணெய்தான். சில நாடுகளில் மாடல் விமானக்காரர்கள் நைட்ரோமீத்தேன் என்று இன்னொன்றையும் 10, 15 சதவீதம் சேர்ப்பார்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் நிதானமாக ஓடும். ஆனால் விலை அதிகம்.

மெத்தனால் விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கறார். கள்ளச்சாராயத்தில் கலந்து ஆட்களைக் கொல்வதும் கண்ணைப் பறிப்பதும் இதுதான். தோல் வழியாகக்கூட உடம்புக்குள் போகும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது. அதனால் கேனைத் திறப்பது, ஊற்றுவது எல்லாம் கையுறை போட்ட பெரியவர் வேலை. மருமகனுக்கு நான் கொடுத்தது வேறு வேலை: கார்புரேட்டரின் ஊசி.

எரிபொருள் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு நீண்ட ஊசித் திருகு தீர்மானிக்கிறது. அதை முழுக்க மூடி, பிறகு இரண்டரைச் சுற்று திறந்தான். மூடும்போது அழுத்தக் கூடாது, முனை நசுங்கிவிடும். பிறகு காற்று போகும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு, பேட்டரி மாட்டாமலேயே புரொப்பல்லரை இரண்டு சுற்றுச் சுற்றினால், குழாய்க்குள் எரிபொருள் ஏறி வருவது தெரியும். உறிஞ்சுகுழலில் இளநீர் ஏறுவதுபோல.

சுற்றும்போது அவன் முகம் மாறியது. “மாமா, மேல வரும்போது இறுகுது. கிறீச்சுனு சத்தம் வேற. பழுதா?”

பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இந்த எஞ்சினில் பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கும் குழல் பித்தளை, குழலின் உட்புறத்தில் குரோமியப் பூச்சு. பித்தளைக் குழல் மேலே போகப்போக மயிரிழை குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் போய் இறுகத்தான் செய்யும்.

வீட்டில் ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் மாட்டிக்கொண்டால் அம்மா என்ன செய்வார்? வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்தி, உள் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவார். வெளியே இருப்பது விரியும், உள்ளே இருப்பது சுருங்கும், பொட்டென்று கழன்றுவிடும். எஞ்சினிலும் அந்தக் கதைதான். சூடேறினால் பித்தளை, அந்தப் பிஸ்டனுக்கான சிலிக்கான் கலந்த அலுமினியத்தைவிட அதிகமாக விரியும். உச்சிப் பகுதிதான் அதிகம் சூடாகும் என்பதால் அங்கே இன்னும் கூடுதலாக விரியும். ஓடும் சூட்டில் குறுகல் மறைந்து, இடைவெளி கச்சிதமாக வந்து நிற்கும். குளிரில் சரியாக இருக்கும்படி செய்தால் சூட்டில் தொளதொளத்துப் போகும். அதனால்தான் எஞ்சினைக் கால் மணி நேரம் மே மாத வெயிலில் வைத்திருந்துவிட்டுத் தொடங்கினேன். இறுக்கம் கொஞ்சம் குறைந்தது.

“இப்ப பேட்டரி போடலாமா?” என்று அவசரப்பட்டவன், நான் கேனை மூடி வைத்துவிட்டு வருவதற்குள் வாயை அடைத்துக்கொண்டு நாலைந்து சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டான். புரொப்பல்லர் கல்லாக நின்றது. சிலிண்டருக்குள் எரிபொருள் நிரம்பிவிட்டது. ஊசி போடும் சிரிஞ்சின் முனையை அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். காற்று இருந்தால் அமுங்கும், தண்ணீர் இருந்தால் அசையாது. பலவந்தப்படுத்தினால் உள்ளே ஏதாவது வளையும். பிளக்கைக் கழற்றிச் சுற்றினோம், பீச்சியடித்தது. துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினோம்.

இனி ஓட்டுவது. அதற்கு முன் ஒரு கணக்கு. புரொப்பல்லரின் நீளம் 10 அங்குலம். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் அது கண்ணுக்கு ஒரு மங்கல் வட்டமாகத்தான் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. விரலால் தட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. என் ஆள்காட்டி விரல் நகத்தைப் பார்த்தால் நான் ஏன் இப்போது ரப்பர் சுற்றிய குச்சியால் தட்டுகிறேன் என்று தெரியும். மருமகனை எனக்குப் பின்னால், எஞ்சினுக்கும் பின்பக்கமாக நிற்க வைத்தேன். முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது.

பேட்டரியை பிளக்கில் மாட்டி, த்ராட்டிலைக் கால்வாசி திறந்து, குச்சியால் ஒரு தட்டு. ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டில் புரொப்பல்லர் குச்சியை எதிர்த்து உதைத்தது. நல்ல சகுனம். நாலாவது தட்டில் ‘டர்ர்ர்’ என்று பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை. விளக்கெண்ணெய் கருகும் வாசனை.

பின்பக்கமாகக் கையை நீட்டி பேட்டரியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

மருமகன் என் பையைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், மறுபடி பையைப் பார்த்தான். வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. யார் தீ வைக்கிறார்கள்?

கிராமத்தில் அந்தக் காலத்தில் காலையில் அடுப்பு மூட்டத் தீப்பெட்டி தேட மாட்டார்கள். ராத்திரி சாம்பலுக்குள் மூடி வைத்த கங்கு இருக்கும். சாம்பலைக் கிளறி, சுள்ளி வைத்து ஊதினால் பற்றிக்கொள்ளும். இந்த பிளாட்டினச் சுருளும் ஒரு கங்குதான். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு சுமார் 167 தடவை எரிகிறது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம்தான். அதற்குள் கம்பி எங்கே ஆறப் போகிறது? பிஸ்டன் மேலேறி அழுத்தும்போது காற்றும் எரிபொருளும் தானே சூடாகின்றன, கனலும் சுருள் பட்டதும் பற்றிக்கொள்கின்றன, அந்த எரிப்பு சுருளை மறுபடி சூடாக்குகிறது.

சூடு தங்குவது மட்டும் காரணம் என்றால் எந்த உலோகக் கம்பியும் போதுமே, பிளாட்டினம் எதற்கு? 1817-ல் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி இதற்கு விடையின் தொடக்கத்தைப் பார்த்தார். சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கைச் செய்த அதே டேவிதான். சூடான பிளாட்டினக் கம்பியை, எரியக்கூடிய வாயு கலந்த காற்றில் வைத்தார். சுவாலையே இல்லை, ஆனாலும் கம்பி கனன்றுகொண்டே இருந்தது! பிளாட்டினத்தின் மேல்பரப்பில் ஆக்சிஜனும் வாயுவும் ஒட்டிக்கொண்டு, சாதாரணமாகத் தேவைப்படும் சூடு இல்லாமலேயே ஒன்றோடொன்று வினைபுரிந்து வெப்பம் தருகின்றன. பிளாட்டினம் செலவாவதில்லை. இப்படித் தான் தேயாமல் மற்றவற்றின் வினையைத் தூண்டிவிடும் பொருள்தான் வினையூக்கி. உங்கள் வீட்டு காரின் புகைக்குழாய்க்குள்ளும் இதே வேலைக்கு பிளாட்டினம் வைப்பதுண்டு. மெத்தனால் ஆவிக்கும் பிளாட்டினத்துக்கும் நல்ல ஒத்துப்போதல். பெட்ரோல் ஊற்றினால் இந்தக் கங்கு அவ்வளவு ஒத்துழைக்காது.

டேவி பார்த்ததற்கும் இந்த பிளக்குக்கும் நடுவே 130 ஆண்டு. 1930-களில் மாடல் விமானம் விட்டவர்கள் பொறி தட்டத் தேவையான காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் அந்தச் சின்ன விமானத்திலேயே ஏற்றிப் பறக்கவிட்டார்கள். 1947-ல் அமெரிக்காவில் ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்த மூட்டையெல்லாம் தரையிறங்கியது. பேட்டரி தரையிலேயே இருக்கட்டும், கங்கு மட்டும் பறக்கட்டும் என்றாகிவிட்டது.

எங்கள் எஞ்சின் இதற்குள் ‘பொட பொட பொட’ என்று தடுமாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் அதிகம். ஆவியாகும் மெத்தனால் உள்ளே குளிர வைத்துவிடுவதால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் எரிகிறது. ஊசியை மெல்ல மெல்ல மூடச் சொன்னேன், பின்பக்கமிருந்தே. ஒரு இடத்தில் சத்தம் திடீரென்று ‘ங்ஙீ...’ என்று ஏறியது. ஒவ்வொரு சுற்றும் எரியத் தொடங்கிவிட்டது. “நிறுத்து, கொஞ்சம் திற.” ‘பொட பொட’வுக்கும் ‘ங்ஙீ’க்கும் நடுவே அலைகிற இடத்தில் வைத்தோம்.

அங்கிருந்து இன்னும் மூடினால் வேகம் கூடும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எரிபொருள் குறைந்தால் அதோடு எண்ணெயும் குறையும், குளிர்ச்சியும் குறையும். புது எஞ்சின் ஐந்தே நிமிடத்தில் பாழாகும். நாம் சரியான பக்கம் இருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: எரிபொருள் குழாயை ஒரு கணம் கிள்ளிவிட்டு விட வேண்டும். வேகம் சட்டென்று ஏறினால் எரிபொருள் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். ஏறாமல் தொய்ந்தால் ஊசியைத் திற. கிள்ளினோம், ஏறியது.

புது எஞ்சினை மணிக்கணக்காக எரிபொருளை அதிகமாக விட்டு மெதுவாக ஓட்டு என்று சிலர் இன்னும் சொல்வார்கள். அது இரும்பு பிஸ்டன் காலத்து அறிவுரை. இந்தப் பித்தளைக் குழல் எஞ்சினை ஆறவைத்தே ஓட்டினால் குழல் விரியாது, பிஸ்டன் அந்த இறுக்கத்திலேயே உரசி உரசித் தேயும். நாங்கள் மூன்று நிமிடம் ஓட்டினோம், ஆற விட்டோம், மறுபடி மூன்று நிமிடம். ஒவ்வொரு தடவையும் ஊசியை ஒரு துளி மூடினோம்.

மூன்றாவது தடவை நின்ற பிறகு கார்புரேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவன் விரலை இழுத்துக்கொண்டு மறுபடி தொட்டான். சில்லென்று இருந்தது! இரண்டு அங்குலம் தள்ளி சிலிண்டர் தலையில் தண்ணீர் தெளித்தால் சுரீர் என்கிறது, இங்கே மெத்தனால் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சி ஐஸ்பெட்டி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறது. பெட்ரோலுக்குத் தேவையான காற்றில் பாதிகூட மெத்தனாலுக்குத் தேவையில்லை. அதனால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருளைக் குடிக்கிறது இந்த எஞ்சின். அவ்வளவும் ஆவியாக வேண்டுமே, குளிராமல் என்ன செய்யும்?

கிளம்புமுன் தொட்டியை வடித்து, குழாயைக் கழற்றி, உள்ளே மிச்சமிருந்ததை ஓட்டித் தீர்த்தோம். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அப்படியே விட்டால் பேரிங் துருப்பிடிக்கும். நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி, துணியில் பொதிந்தோம்.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாச்சி பேரனின் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

“ஏண்டா, புள்ளைக்கு வயிறு சரியில்லையா? வெளக்கெண்ணெ குடுத்தியா?”

“எனக்கில்ல அம்மாச்சி,” என்றான் அவன், “எஞ்சினுக்கு.”